உரிமைக்கும் உ, உயிருக்கும் உ

டிராலி பஸ்ஸின் இரண்டு கொம்புகளும் மேலே ஓடிய மின்கம்பியை விட்டுக் கழன்று, வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. கம்பியைத் தொட்டால்தான் அந்த பஸ்ஸுக்கு உயிர். தொடாததால் அது சிராங்கூன் ரோட்டுக்குக் குறுக்கே, படுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் யானை மாதிரி நின்றது. பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் டாக்சி, அதன் பின்னால் பால்காரரின் மாட்டுவண்டி. வரிசையின் வால் தீவின் மறுகோடியில் இருக்கும் ஜொகூர் பாலத்தைத் தொட்டது என்று தேக்கா சந்தையில் சொன்னார்கள். தேக்காவில் எதையும் குறைத்துச் சொல்லும் வழக்கம் கிடையாது.

பஸ்ஸுக்கு முன்னால், ரோட்டின் நட்டநடுவில், ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை மிதியிலும் ஊன்றியபடி சைக்கிளில் உட்கார்ந்திருந்தார் மருதப்பன். அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

"அத்தான்! ஓரமாப் போனா என்ன?" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான் டிரைவர் இராமசாமி. மருதப்பனின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

"ரோட்டுல அத்தான், மச்சான் உறவெல்லாம் வேணாம். நான் ஒரு வாகனம். நீ ஒரு வாகனம். அந்த முறையில பேசு."

"நான் வாகனம் இல்ல அத்தான், டிரைவரு."

"ஹார்ன் அடிச்சியா?"

"நாலு தரம் அடிச்சேன். நீங்க திரும்பிப் பாத்தாத்தானே? இதுக்கு எஞ்சின் கிடையாது, கரண்ட்டு. பூனை மாதிரிதான் வரும். சத்தத்தை நம்பிக்கிட்டு இருந்தா மேல ஏறுனதுக்கப்புறம்தான் தெரியும்."

"வாகனம் திரும்பிப் பாக்காது மச்சான். லாரி திரும்பிப் பாக்குதா? கப்பல் திரும்பிப் பாக்குதா?"

அதற்குள் கண்டக்டர் ஜலாலுதீன் நீண்ட மூங்கில் கழியுடன் இறங்கி வந்தான். கழன்ற கொம்பைக் கழியால் பிடித்துக் கம்பியில் மாட்டுவது அவன் வேலை. அந்த மாதத்தில் மட்டும் மருதப்பன் புண்ணியத்தில் அவன் கை இரண்டு அங்குலம் நீண்டுவிட்டதாக அவன் மனைவி ரபியாவே சொல்லியிருந்தாள்.

"அண்ணே," என்றான் ஜலாலுதீன் பணிவாக, "உங்களைச் சுத்திப் போகலாம்னு பஸ்ஸை வளைச்சா கொம்பு கழலுது. வளைக்காம நேராப் போனா நீங்க கழண்டுருவீங்க. கொம்பை மாட்ட எங்கிட்ட கழி இருக்கு. உங்களை மாட்ட என்ன இருக்கு?"

மருதப்பன் மணியை ஒருமுறை அடித்துவிட்டு, கோயில் தேர் கிளம்புவது போலக் கிளம்பினார். அவர் வேகமும் தேரின் வேகம்தான். வழியில் நின்று நின்று ஆள் ஏற்றிய பஸ்கூட அவரை அடுத்த முக்கில் பிடித்துவிடும்.

இந்த வியாதி அவருக்கு வேலை செய்யும் இடத்தில் தொற்றியது. நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஓர் அச்சகத்தில் அவர் பைண்டர். ஒருநாள் சாலை விதிகளைத் தமிழில் சொல்லும் சிறு புத்தகம் ஒன்று அட்டை போட வந்தது. பசை தடவும்போது ஒரு தாள் கையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுக்கும் நேரத்தில் அதன் கடைசி வரியைப் படித்தார்: 'மிதிவண்டியும் ஒரு வாகனமே.' அடுத்த பக்கத்தில் 'ஆகையால் இடது ஓரமாகச் செல்க' என்று இருந்திருக்கலாம். அது பசையில் போய்விட்டது. மருதப்பன் படித்த சட்டம் அந்த ஒரு வரிதான். ஆனால் ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் செய்ததை முழுப் புத்தகம் படித்த வக்கீல்களால்கூடச் செய்திருக்க முடியாது.

மறுநாளிலிருந்து ரோட்டின் நடுவே போக ஆரம்பித்தார். சாயங்காலம் திரும்பும்போது கூட்டம் அடங்கிவிடும், தொந்தரவில்லை. காலையில்தான் கச்சேரி.

நோரிஸ் ரோட்டு மாடி வீட்டுக்கு அன்று அவர் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சந்திரமதி காப்பியை நீட்டியபடி ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னைக்கும் தம்பி பஸ்ஸுக்குக் கொம்பு கழண்டுச்சாமே?"

"என் தப்பில்ல. நான் என் உரிமையில போனேன்."

"உங்க உரிமையில நீங்க போங்க. நான் யாரோட இருக்கிறது?"

"பயந்து பயந்து ஓரமாப் போறவன்தான் சாக்கடையில விழுவான். நடுவுல போறவனை யாரும் தொட முடியாது. சட்டம்!"

"லாரிக்காரன் அந்தச் சட்டத்தைப் படிச்சிருக்கானா?"

மருதப்பன் காப்பியைக் குடித்தார். அது சுடவில்லை. இருந்தாலும் ஊதி ஊதிக் குடித்தார்.

"இங்க பாருங்க," என்றாள் சந்திரமதி. "இன்னும் ஒரே ஒரு தடவை உங்களால அந்தக் கொம்பு கழண்டாலும் சரி, உங்க மேல ஒரு கீறல் விழுந்தாலும் சரி, இந்தச் சைக்கிள் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போயிரும். நானே தள்ளிக்கிட்டுப் போவேன்."

"அப்புறம் நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"தம்பி பஸ்ஸுலதான்."

மருதப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மச்சான் ஓட்டுகிற பஸ்ஸில், மச்சான் பிடிக்கிற பிரேக்குக்கெல்லாம் முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டு, ஜலாலுதீன் "உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க" என்று சொல்லச் சொல்ல நகர்ந்துகொண்டு... அதைவிட லாரியே தேவலை.

"அட, பின்னாலயாவது பாத்துப் போங்களேன்," என்றாள் அவள், குரலைத் தணித்து.

"திரும்ப மாட்டேன். வேணும்னா கண்ணாடி வைக்கிறேன்."

வைத்தார். தெரிந்த முடிதிருத்தும் கடையில் சும்மா கிடந்த வட்டக் கண்ணாடி. பூசைத் தாம்பாளம் அளவு இருக்கும். அதைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டார். சிராங்கூன் ரோட்டில் டவுன் பக்கம் போகிறவருக்குக் காலைச் சூரியன் முதுகுப் பக்கம். அந்தச் சூரியன் முழுதாகக் கண்ணாடியில் விழுந்து, அப்படியே திரும்பி, பின்னால் வந்தவர்கள் கண்ணில் பாய்ந்தது.

டாக்சிக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது டாக்சி பூக்கடைக்குள் இருந்தது. பால்காரரின் வண்டிமாடு மிரண்டு ஒரு புடவைக்கடையில் ஏறி, இரண்டு பட்டுப்புடவைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு, எதுவும் பிடிக்காமல் இறங்கி வந்தது. இராமசாமி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்ததால் கொம்பு தப்பியது. உள்ளே நின்றிருந்த அத்தனை பேரும் முன்னால் வந்து அவன் முதுகில் சேர்ந்தார்கள்.

"அத்தான், கண்ணாடி எதுக்கு வச்சீங்க?"

"பின்னால வர்றதைப் பாக்க."

"பாத்தீங்களா?"

"எங்க பாக்குறது? ஒரே வெளிச்சம்."

கண்ணாடி முடிதிருத்தும் கடைக்கே திரும்பியது.

"பார்க்கிறது வேணாம். நான் வர்றது மத்தவனுக்குக் கேட்டாப் போதும்," என்று மருதப்பன் அடுத்த முடிவுக்கு வந்தார். சாதாரண மணிச் சத்தம் லாரிக்காரன் காதில் ஏறவில்லை என்பதால், ரப்பர் குமிழை அமுக்கினால் 'பாம் பாம்' என்று அலறும் பித்தளை ஹார்ன் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார்.

அந்தச் சத்தம் தன் காதுக்கு எங்கேயோ பழகின மாதிரி இருந்ததை அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம். அந்த வட்டாரத்தில் அப்படி ஹார்ன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வருகிறவர் ஒரே ஒருவர்தான். ரொட்டிக்காரர்.

மருதப்பன் முதல் தடவை அமுக்கினார். மாடி ஜன்னல்கள் திறந்தன. இரண்டாம் தடவை அமுக்கினார். கயிற்றில் கட்டிய கூடைகள் சரசரவென்று இறங்கின. ஒரு கூடை அவர் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று கைப்பிடியில் சிக்கியது. மேலே இருந்த அம்மாள், ரொட்டி ஏறிவிட்டது என்று நினைத்து இழுத்தாள். கீழே மருதப்பன் இழுத்தார். சைக்கிளின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"ஒரு நீட்டு ரொட்டி, தேங்காய்ப் பன் ரெண்டு!"

"அம்மா, நான் ரொட்டிக்காரன் இல்ல!"

"பின்ன எதுக்குய்யா ஹார்ன் அடிக்கிறே?"

"நான் ஒரு வாகனம்!"

"ரொட்டி இருக்கா இல்லையா? அதைச் சொல்லு!"

ரோட்டில் இறங்கிய பெண்கள் அவரைச் சுற்றி வளைத்ததில் போக்குவரத்து நின்றது. பின்னால் நின்ற டிராலி பஸ்ஸிலிருந்தும் ரொட்டி என்று கேள்விப்பட்டு ஆறேழு பேர் இறங்கினார்கள். கடைசியாக உண்மையான ரொட்டிக்காரரே வந்து சேர்ந்தார். அவர் பேசியதில் எழுதக்கூடிய வார்த்தை ஹார்ன் ஒன்றுதான்.

"கொம்பு கழலல," என்று வீட்டில் முந்திக்கொண்டார் மருதப்பன்.

"தலையில கூடை விழுந்துச்சாமே?"

"கூடைதானே. கீறல் இல்ல."

சந்திரமதி அவர் தலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. சைக்கிளுக்கு ஆயுசு நீண்டது.

டன்லப் ஸ்ட்ரீட்டில் அப்துல் கையூம் என்று ஒரு பெயர்ப்பலகை ஓவியர் இருந்தார். மருதப்பனுக்கு நெடுநாள் சிநேகிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சதுரத் தகட்டை எடுத்துக்கொண்டு மருதப்பன் அவர் கடைக்குப் போனார்.

"சைக்கிளுக்குப் பின்னால மாட்டணும் பாய். எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

மருதப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'மிதிவண்டியும் ஒரு வாகனமே. அதை மிதிப்பவருக்கும் சாலையில் சம உரிமை உண்டு என்பதை மற்ற வாகனமோட்டிகள் மறவாதிருப்பாராக.'"

கையூம் தகட்டைப் பார்த்தார். மருதப்பனைப் பார்த்தார்.

"உள்ளங்கை அகலத் தகட்டுல இவ்வளவும் எழுதினா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அதைப் படிக்கணும்னா லாரிக்காரன் உங்க முதுகு வரைக்கும் வரணும். அவன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்களை முடிச்சிருவான்."

"அப்ப 'உரிமை'ன்னு மட்டும் எழுதுங்க."

"அதுவும் தூரத்துக்குத் தெரியாது. ஒரே எழுத்து. 'உ'. தகடு நிறைய. வெள்ளையில சிவப்பு."

"உ-ன்னா உரிமைன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரிஞ்சவனுக்கு உரிமை. தெரியாதவனுக்குச் சிவப்பு. ரெண்டு பேரும் ஒதுங்குவாங்க."

கையூம் புதுப்பாணிக்காரர். அவருடைய 'உ'வில் சுழி இருப்பதே தெரியாது. தலையில் ஒரு பேச்சுக்கு ஒரு வளைவு, அங்கிருந்து செங்குத்தாக ஓர் இறக்கம், அடியில் வலப்பக்கம் நீளமாக ஒரு வால். எழுதி முடித்து, தள்ளி நின்று பார்த்து, தானே மெச்சிக்கொண்டார்.

வீட்டில் இதற்கும் சண்டை வரும் என்று மருதப்பன் தயாராகப் போனார். சந்திரமதி தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பிள்ளையார் சுழியா? இப்பத்தான் உங்களுக்கு நல்ல புத்தி வந்திருக்கு."

"உரிமைக்கு உ," என்றார் அவர்.

"உயிருக்கும் அதே உ தான்," என்றாள் அவள்.

அந்த வீட்டில் இருவரும் ஒரே எழுத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை நடந்தது மருதப்பனுக்கே கனவு மாதிரி இருந்தது. ரோட்டின் நடுவே போனார். ஒரு ஹார்ன் இல்லை, ஒரு வசவு இல்லை. லாரிகள் வேகத்தைக் குறைத்து, அவருக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு வீடு கட்டும் அளவு இடம் விட்டு ஒதுங்கிப் போயின. ஒரு கார்க்காரர் ஜன்னலை இறக்கிப் புன்னகைகூடச் செய்தார்.

சிலிகி ரோட்டு முக்கில் வெள்ளைக் கையுறை மாட்டிய மலாய் மாத்தா நின்றிருந்தார். போலீஸ்காரருக்கு அப்போது மாத்தா என்றுதான் பேர். இத்தனை நாளும் மருதப்பனைக் கண்டாலே விசில் ஊதுகிறவர், இன்றைக்கு அந்தத் தகட்டை உற்றுப் பார்த்தார். குனிந்து, விரலால் சுட்டிக் கேட்டார்:

"பெலஜார்?"

பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது. மருதப்பன் காதில் அது தெள்ளத் தெளிவாக "பிள்ளையார்?" என்று விழுந்தது. அவருக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிற மனிதன் காதில் தாய்மொழி மட்டுமே விழும்.

"ஆமா! பிள்ளையார்! பிள்ளையாரேதான்!"

மாத்தாவின் முகம் கனிந்தது. நடு ரோட்டுக்கு வந்து, இரண்டு கையையும் விரித்து, நாலு பக்கத்து வண்டிகளையும் நிறுத்தினார். "பெலான், பெலான்," என்று குழந்தையை நடக்க விடுவது போல அவரை அனுப்பி வைத்தார்.

"மெதுவாப் போன்னு சொல்றார் பாய்!" என்று சாயங்காலம் கையூமிடம் விவரித்தார் மருதப்பன். "நம்ம சாமியை அவர் மதிக்கிறார். நான் அவசரப்படக் கூடாதாம். எவ்வளவு பெரிய மனசு!"

செய்தி பரவியது. கச்சாங் பூத்தே என்னும் வறுகடலை விற்கிறவர் சைக்கிளில் 'உ' ஏறியது. சலவைக்காரர் சைக்கிளில் ஏறியது. கொஞ்ச நாளில் கையூமின் கடையில் சிவப்புச் சாயம் தீர்ந்து, கோமளமான ரோஸ் நிறத்தில்கூட 'உ' போட்டுக் கொடுத்ததாகச் சொல்வார்கள். சைக்கிளோட்டிகள் உரிமைச் சங்கம் என்று ஒன்று தானாக முளைத்தது. மருதப்பன் தானாகத் தலைவரானார்.

இப்படியே போயிருக்கும். ஒரு காலையில் முக்கில் லாரி எதுவும் உறுமாமல் போனதுதான் வினை.

மாத்தா அவரை நிறுத்தி, தோளில் கை வைத்து, மிகுந்த அனுதாபத்துடன் மலாயில் கேட்டார்: "இத்தனை நாளா பெலஜார், பெலஜார்னு போறியே, இன்னுமா ஓட்ட வரலை?"

மருதப்பன் விழித்தார். பெலஜார். படிப்பது. பயில்வது. கத்துக்குட்டி.

மாத்தா தகட்டைத் தட்டிக் காட்டினார். வெள்ளையில் சிவப்பாக, கார் பழகுகிறவர்கள் மாட்டுகிற அதே ஆங்கில 'எல்' எழுத்து. தலை மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"சைக்கிளுக்கே 'எல்' மாட்டிக்கிட்டு ஒரு மனுஷன் வர்றான்னா எவ்வளவு பயந்தவனா இருப்பான்னு நான் எல்லா டிரைவர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பாவம், ஒதுங்கிப் போங்கன்னு," என்றார் மாத்தா. பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "என் பொண்ணு ஒரே வாரத்துல கத்துக்கிட்டா," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மருதப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். அச்சகத்தில் ஒரு புத்தகத்துக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னாச்சுங்க?"

"அவனுங்க என் உரிமைக்கு ஒதுங்கல. கத்துக்குட்டின்னு இரக்கப்பட்டு ஒதுங்கியிருக்கானுங்க. இருபது வருசமா சைக்கிள் மிதிக்கிறவன் நான்!"

"கத்துக்குட்டின்னு நெனச்சா என்ன, கழுதைக்குட்டின்னு நெனச்சா என்ன? முழுசா வீடு வந்து சேர்றீங்கல்ல?"

"பிச்சை வாங்கின வழியில போக மாட்டேன். எனக்குச் சேர வேண்டிய வழியிலதான் போவேன்."

"தகடு இல்லாம நடு ரோட்டுலயா?"

"நடு ரோட்டுலதான்."

சந்திரமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. அழவில்லை. சுங்கை ரோடு என்றுகூடச் சொல்லவில்லை.

"சரி," என்றாள்.

மருதப்பனுக்குத் திருப்புளி கை நழுவிக் கால் விரலில் விழுந்தது.

"தம்பிக்குக் கொஞ்சம் மீன் குழம்பு கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்," என்று தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

மறுநாள் காலை நோரிஸ் ரோட்டிலிருந்து சிராங்கூன் ரோட்டில் திரும்பியபோது மருதப்பனின் கால்கள் மிதிக்கவில்லை, நடுங்கின. அந்த நடுக்கத்திலேயே சைக்கிள் போனது. முதுகுத்தண்டில் லாரி லாரியாக ஓடியது. மனசுக்குள் ஒரு தராசு. ஒரு தட்டில் உரிமை. அது நேற்று வரை இரும்புக் குண்டு மாதிரி கனத்தது, இன்று பஞ்சு மாதிரி ஆடியது. இன்னொரு தட்டில் சந்திரமதியின் கணவர். ஓரமாக ஒதுங்கிவிடலாமா என்று கைப்பிடி தானாக இடது பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடலாமா என்று கழுத்து கெஞ்சியது. பார்த்தால் பயந்ததாக ஆகும். பார்க்காவிட்டால் செத்ததாக ஆகும். மருதப்பன் கண்ணை இறுக்கி மூடித் திறந்து, நேரே பார்த்து மிதித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பின்னால் ஒரு சத்தம் இல்லை. ஒரு லாரி அவரை உரசவில்லை, ஒரு டாக்சி முந்தவில்லை. சிலிகி முக்கில் மாத்தா அவரைப் பார்த்தார். தகடு இல்லாததைப் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலே எங்கேயோ அண்ணாந்து பார்த்தார். சட்டென்று கையைத் தூக்கி எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்.

மருதப்பன் நெஞ்சு விம்மியது. தகடு இல்லை, 'எல்' இல்லை, இரக்கம் இல்லை. இது சுத்தமான, கலப்படமில்லாத உரிமை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நடுக்கம் நின்றது. வேகம் முன்னைவிடக் குறைந்தது. வழியில் தெரிந்தவர்களைக் கண்டால் ஒரு கையை விட்டுவிட்டுக் கும்பிடு போடவும் ஆரம்பித்தார்.

"பாய், பாத்தீங்களா? ரோடே திருந்திருச்சு," என்றார் கையூமிடம்.

"ரோடு திருந்திச்சோ என்னவோ," என்றார் கையூம் சலிப்புடன். "பஸ்ஸு கெட்டுப்போச்சு. பிராஸ் பசா ரோட்டுக்குச் சாயம் வாங்கப் போறதுக்குள்ள விடிஞ்சது மத்தியானமா ஆயிடுது. டிரைவருக்குக் கால்ல முள்ளு குத்தியிருக்கு போல. ஒருத்தன் டிக்கெட் எடுத்துட்டு, இறங்கி நடந்து போய், அந்த பஸ்ஸுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டானாம்."

"அது ஒழுக்கம் பாய். டிரைவர்களுக்கு ஒழுக்கம் வந்திருச்சு. எல்லாம் நம்ம சங்கத்தோட வேலை."

அந்த ஒழுக்கத்தைக் கொண்டாட ஒரு பாராட்டுக் கூட்டம் ஏற்பாடானது. கையூம் கடை வாசலில், அஞ்சடி நடைபாதையில் பெஞ்சு போட்டார்கள். கச்சாங் பூத்தேக்காரர் மாலை வாங்கி வந்தார். சலவைக்காரர் பெட்டி போட்ட மேசை விரிப்பு கொண்டு வந்தார். சைக்கிள்கள் மிச்ச நடைபாதையை அடைத்து நின்றதில் நடந்து போகிறவர்கள் ரோட்டில் இறங்கிப் போனார்கள். அவர்களுடைய உரிமையைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. பெண்கள் பக்கம் முதல் நாற்காலியில் சந்திரமதி. கையிலிருந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு, கணவரைப் பார்க்காமல் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதப்பன் எழுந்தார். மாலை மூக்கைத் தொட்டது.

"தோழர்களே! என்னைக் கண்ணாடி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், எறிந்தேன். ஹார்ன் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், எறிந்தேன். தகடு மாட்டினேன், அதையும் எறிந்தேன். இன்று என்னிடம் இருப்பது என்ன? ஒரு சைக்கிள்! ஒரு முதுகு! அந்த முதுகைத் திறந்து காட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டின் நடுவே போகிறேன். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, என்னை நெருங்குகிறதா?"

"இல்லை!" என்றது கூட்டம்.

"உரிமை பெரிதா, உயிர் பெரிதா என்று என் வீட்டில் கேட்டார்கள். நான் சொல்கிறேன்: உரிமையைக் கேட்டு வாங்கினால் உயிர் தானாக வந்து சேரும்! நான் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தேனா? இல்லை! ஏன்? என் பின்னால் சட்டம் வருகிறது!"

கைதட்டல் அடங்குவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆள் ஓடி வந்தான். காக்கிச் சட்டை, இடுப்பில் டிக்கெட் பை, முகமெல்லாம் வேர்வை. கண்டக்டர் ஜலாலுதீன். தலைவரை வாழ்த்த வந்திருக்கிறான் என்று நினைத்து மருதப்பன் கையை நீட்டினார். ஜலாலுதீன் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு நேராகச் சந்திரமதியிடம் போய் நின்றான். மூச்சு வாங்கியதில், மெதுவாகச் சொல்ல வந்ததைக் கத்தித்தான் சொன்னான்:

"அக்கா! இனிமே காலையில அண்ணன் முதுகை ஒட்டியே பஸ்ஸை ஓட்டி, ஒரு வண்டியும் கிட்ட வராம அணைச்சுக்கிட்டுப் போக முடியாது. தினம் லேட்டுன்னு எங்களை நாளையிலேர்ந்து கேலாங் ரோட்டுக்கு மாத்திட்டாங்க, அதனால அந்தப் பக்கமா அண்ணனுக்கு ஒரு வேலை பாத்துரலாமான்னு உங்க தம்பி கேட்டுட்டு வரச் சொன்னாரு!"